ஊர் வளர்த்த பிள்ளைகள்: வன்னியின் முன்பள்ளிகளும் அவற்றைத் தாங்கிய கைகளும்

வன்னியில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேரும்வரை எத்தனை பேரின் கைகளில் வளர்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அரசாங்கக் கோவைகளில் இடம்பெறாத பலர் அதில் வருவார்கள். தாய் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகும் நேரத்தில் ஏணையை ஆட்டும் அம்மம்மா, மாதாமாதம் நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர், காலையில் கை பிடித்து உள்ளே கூட்டிப்போகும் முன்பள்ளி ஆசிரியை, அந்த முன்பள்ளிக்குக் கிடுகு வேய்ந்த மாதர் சங்கம், கஞ்சி காய்ச்ச முறை வைத்து வரும் தாய்மார் என்று அந்த வரிசை நீளும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கடந்த அரை நூற்றாண்டாகச் சின்னப் பிள்ளைகளுக்கென்று நடந்த வேலைகளைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. ஊர் தானே தொடங்கித் தானே நடத்தியவை இடப்பெயர்வையும் தாண்டி நின்றிருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவை, ஊரின் கைகளைப் பற்றிக்கொண்ட அளவுக்குத்தான் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. முன்வந்த ஒரேயொரு தரப்பும் அதற்குப் பெரிய விலை கேட்டது.

வன்னி நெடுங்காலம் பிள்ளைகளுக்குக் கடினமான நிலமாக இருந்தது. குளமும் காடும் சேர்ந்த இந்தப் பகுதியில் மலேரியா தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கொண்டுபோனது. இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றவாசிகள் வந்து காடு வெட்டியபோது அவர்கள் முதலில் சண்டையிட்டது காய்ச்சலோடுதான். இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தபோது வன்னியின் மூத்தவர்களுக்கு அது சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் பிள்ளைப்பேறு மருத்துவிச்சியின் பொறுப்பு. பெற்ற தாய்க்குச் சரக்குக் கறி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை, விசயதசமிக்கு ஏடு தொடக்கல் என்று ஒரு குழந்தையின் முதல் ஐந்து வருடங்களுக்கும் உறவும் அயலும் கூடும் நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. இவற்றைச் சடங்கு என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. புதிதாகப் பெற்ற ஒரு பெண் தனித்துப் போகாமல், யாராவது ஒருவர் அவளையும் பிள்ளையையும் வந்து பார்த்துக்கொண்டே இருப்பதற்கான ஏற்பாடு அது. இன்றைய குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிப் போவதும் அதே தேவைக்காகத்தான்.

ஊர் அமைப்புகளில் இந்தக் கதைக்கு மிக வேண்டியது சனசமூக நிலையம். பத்திரிகை வாசிக்க ஒரு கொட்டில், அதன் பக்கத்தில் ஒரு விளையாட்டுத் திடல், அதே கொட்டிலில் காலையில் பாலர் வகுப்பு என்ற வடிவம் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஊருக்கு ஊர் இருந்தது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் அதற்குத் துணை நின்றன. ஆசிரியை அதே ஊர்ப் பெண். பெற்றோர் கொடுப்பதுதான் அவளுக்குச் சம்பளம். காசில்லாத மாதத்தில் அதுவும் இல்லை.

இந்த வடிவத்தை ஒரு இயக்கமாக்கிக் காட்டியது காந்தீயம். 1970களில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் அதைக் கட்டினார்கள். 1977 ஓகஸ்ட் வன்முறையில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவுக் காட்டோரங்களுக்கு வந்தபோது, காந்தீயம் அவர்களுக்கு நிலமும் தொழிலும் தேடியது. ஆனால் அந்த வேலைத்திட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, முன்பள்ளி நடத்தவும் போசாக்கும் சுகாதாரமும் பார்க்கவும் பயிற்சி கொடுத்து, மறுபடியும் அதே கிராமத்துக்கே அனுப்பியது. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. நடமாடும் மருத்துவச் சேவை குடியிருப்புகளுக்குப் போய்வந்தது.

காந்தீயத்தின் இந்த முறையில் இரண்டு நுட்பங்கள் இருந்தன. ஒன்று, முன்பள்ளி என்பது பிள்ளைக்கு அகரம் சொல்லிக்கொடுக்கும் இடம் மட்டுமல்ல, குடும்பத்துக்குள் நுழையும் வாசல் என்று அது கண்டுகொண்டது. பாலுக்காக வரும் பிள்ளையின் பின்னால் தாய் வருவாள். தாய் வந்தால் கிணற்றுத் தண்ணீர், வயிற்றோட்டம், தகப்பனின் கூலி, காணி உறுதி என்று எல்லாப் பேச்சும் வரும். மற்றது, பயிற்சி பெற்ற பெண் அந்த ஊரிலேயே இருந்தாள். எந்தத் திட்டம் முடிந்தாலும் அவள் போகமாட்டாள். இன்றைக்கு உலகம் முழுவதும் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி என்ற பெயரில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

அந்த இயக்கம் அழிக்கப்பட்டது. 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் கைதானார்கள். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, மட்டக்களப்புச் சிறை உடைப்பில் வெளியேறி, நீண்ட காலம் இந்தியாவில் இருந்து, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். காந்தீயம் குடியேற்றிய கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டு, 1984இல் அங்கே சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். அதே ஆண்டின் கடைசியில் விடுதலைப் புலிகள் அங்கே நடத்திய தாக்குதலில் பலர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த நிலத்தில் இத்தனையும் நடந்தது. வன்னியின் முன்பள்ளி வரலாறு எழுதப்படுமானால் அதன் முதல் அத்தியாயம் காந்தீயமாகத்தான் இருக்கவேண்டும். இன்றைய முன்பள்ளி ஆசிரியைகளில் பலருக்கு அந்தப் பெயரே சொல்லப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

போர்க் காலத்தில் வன்னியில் முன்பள்ளிகள் நின்றுவிடவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறி வன்னிக்கு வந்தபோதும், 1996இல் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தபோதும், 1997 மேயில் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கையின்போதும், மரத்தடிகளிலும் கொட்டில்களிலும் பாலர் வகுப்புகள் நடந்தன. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தின் கீழ் தமிழர் புனர்வாழ்வுக் கழகம் முன்பள்ளிகளையும் போசாக்குத் திட்டங்களையும் நடத்தியது. பெற்றோரை இழந்த சிறுமிகளுக்குச் செஞ்சோலையும் சிறுவர்களுக்கு அறிவுச்சோலையும் இருந்தன. அதே நிர்வாகம்தான் பதின்வயதுப் பிள்ளைகளைப் படைக்குச் சேர்த்தது, பிற்காலத்தில் வீட்டுக்கொருவர் என்று பிடித்துக்கொண்டும் போனது. சின்னப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிய அமைப்பைப் போற்றும்போது, அந்தப் பிள்ளையின் அக்காவைக் கொண்டுபோனதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வன்னித் தாய்மாருக்கு நாம் நேர்மையாக நடந்தவர்களாக மாட்டோம்.

போரின் கடைசிக் கட்டமான 2009இன் முதல் மாதங்களைப் பற்றி ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில், பிராந்திய சுகாதார சேவையினர் ஒழுங்கு செய்த பால்மா விநியோகத்துக்கு வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மாவுக்கான அட்டை இருந்ததை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது. நான் இந்தக் கட்டுரையில் இதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாம் குலைந்துபோன அந்த ஒடுங்கிய கடற்கரைத் துண்டிலும் யாரோ பிள்ளைகளைப் பதிந்தார்கள், யாரோ அட்டை எழுதினார்கள், தாய்மார் அதை நம்பி வந்தார்கள். சுகாதாரத் தொண்டர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் தங்கள் பிள்ளைகளையும் பங்கருக்குள் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள். வன்னிக்கு இத்தகைய சேவைகளைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வந்ததாகப் பிறகு எழுதப்பட்ட திட்ட அறிக்கைகள் இந்த உண்மையை அறியாதவை.

போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பி முகாம்களுக்குள் வைக்கப்பட்டார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் அவற்றில் பெரியது. முகாமுக்குள் கூடாரங்களில் முன்பள்ளிகளும் சிறுவர் விளையாட்டு இடங்களும் திறக்கப்பட்டன. பொருள் யுனிசெப் போன்ற நிறுவனங்களுடையது, அங்கே நின்று பாட்டுப் பாடியவர்கள் முகாமில் அடைபட்டிருந்த பெண்களே. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. மீள்குடியேற்றத்தோடு நிறுவனங்கள் வந்தன, நிறம் பூசிய முன்பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன, பெயர்ப்பலகைகள் நட்டார்கள், சில வருடங்களில் போனார்கள். கட்டடம் தேவையானதுதான். ஆனால் மழை பெய்தால் ஒழுகும் கொட்டிலில் நல்ல ஆசிரியை இருந்தால் முன்பள்ளி நடக்கும், ஆசிரியை இல்லாத அழகான கட்டடத்தில் ஆடுதான் படுக்கும்.

வன்னியின் முன்பள்ளிகளைப் பற்றிய மிகக் கடினமான அத்தியாயம் இதற்குப் பிறகு வருகிறது. பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பண்ணைகளை எடுத்தது போலவே முன்பள்ளிகளையும் எடுத்தது. முன்பள்ளி ஆசிரியைகள் அதன் ஆளணியாகச் சேர்க்கப்பட்டார்கள். மாகாணக் கல்வித் துறையின் கீழ் இருந்த ஆசிரியை சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுக்கு வேலை செய்ய, அதே ஊரில் சிவில் பாதுகாப்பில் சேர்ந்தவர் அதைப் போலப் பல மடங்கு மாதச் சம்பளம் பெற்றார். திணைக்களத்தின் எழுத்துப் பொறித்த சீருடையோடு பிள்ளைகள் முன்பள்ளிக்குப் போனார்கள். அடையாளம் கொள்கை ஆய்வு மையம் 2017 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை வன்னியின் ஆழமான இராணுவமயமாக்கல் என்று விவரித்தது. 2018 ஜூனில் விசுவமடுவில் இந்தத் திணைக்களத்தின் கேணல் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது அங்கே வேலை செய்த தமிழர் கண்ணீர் விட்டு வழியனுப்பிய படம் நாடெங்கும் பரவி, பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது.

அந்த வாக்குவாதத்தில் ஆசிரியைகளைத் துரோகிகள் போலப் பேசியவர்கள் உண்டு. அது அநியாயம். கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கிற, இரண்டு மூன்று பிள்ளைகளோடு ஓலைக்கொட்டிலில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாதம் தவறாமல் வரும் சம்பளம் என்பது அரிசியும் பாலும் பள்ளிக்கூடக் கொப்பியும்தான். அவள் செய்த தெரிவு குற்றமல்ல. அவளுக்கு வேறு தெரிவு வைக்காதது யார் என்பதுதான் கேள்வி. ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அந்தப் பிள்ளையின் தகப்பனை இராணுவத்திடம் கையளித்ததாகச் சொல்லும் குடும்பங்கள் வாழும் மண்ணில் அது பிள்ளை வளர்ப்பாகாது. ஊர்ச் சங்கத்தின் முகாமைத்துவக் குழுவுக்கு அங்கே பேச்சுரிமை இல்லாமல் போனதும் அதே அளவு பாரதூரமானது. சம்பளத்தைக் குறைக்காமல் நிர்வாகத்தைக் கல்விக்கு மாற்றவேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சொல்லாத எந்தக் கோரிக்கையும் அந்தப் பெண்களின் வயிற்றில் அடிக்கும்.

இந்த நிலைக்கு அடியில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு குறை கிடக்கிறது. 1945இல் வந்த இலவசக் கல்வி முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. முன்பள்ளி அதற்கு வெளியே நின்றுவிட்டது. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாகாண சபைகளுக்கு வந்தது, ஆனால் பணம் வரவில்லை. எனவே பிரதேச சபை, கோயில், தேவாலயம், சங்கம், தனியார் என்று ஆளாளுக்கு நடத்துகிறார்கள். முன்பள்ளி ஆசிரியை அரச ஆசிரியர் அல்லர். ஓய்வூதியம் இல்லை, பல இடங்களில் பெற்றோரின் சிறு கட்டணத்தை நம்பியே வாழ்க்கை. கொழும்பில் காசுள்ள பெற்றோர் அந்த இடைவெளியை நிரப்புவார்கள். மாந்தை கிழக்கிலோ ஒட்டுசுட்டானிலோ யார் நிரப்புவது? குறை பொதுவானது என்றாலும் அதன் பாரம் வன்னியில்தான் அதிகம்.

இதற்கு நேரெதிராக நிற்பது குடும்பநல உத்தியோகத்தரின் சேவை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சியாக, ஒவ்வொரு கிராமத்துக்கும் பொறுப்பான ஒரு பெண் இருக்கிறார். அவருக்கு அரச சம்பளம், பயிற்சி, பதவி எல்லாம் உண்டு. கர்ப்பிணியைப் பதிவதும், பிள்ளையின் நிறையைக் கிளினிக் கொப்பியில் கோடாக வரைவதும், தடுப்பூசி தவறினால் வீடு தேடி வருவதும் அவர். பிள்ளை நலத்தில் இலங்கை பெற்ற நற்பெயருக்கு இந்தப் பெண்கள்தான் முக்கிய காரணம். ஊர்ப் பெண்ணை அரசு ஊழியராக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நூறு வருடச் சான்று கண்முன்னே இருக்கும்போது, முன்பள்ளி ஆசிரியைக்கு அதைச் செய்யத் தயங்குவதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

போசாக்கில் 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துணவு மாவும், 2015இல் வந்த கர்ப்பிணித் தாய்மாருக்கான 20,000 ரூபா போசணைக் கூப்பனும் உதவின. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா தடைப்பட்டது, பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது கைகொடுத்தவை முன்பள்ளியின் இலைக்கஞ்சியும் அவித்த கௌப்பியும் பயறும், மாதர் சங்கங்கள் இடித்துக் கட்டிய சத்துமாவும்தான். முருங்கையிலையும் வல்லாரையும் வீட்டு வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருக்கும் ஊரில், கொழும்பிலிருந்து வரும் பொதி நின்றால் பிள்ளை மெலியும் நிலை வரக்கூடாது. உள்ளூர்ச் சத்துமாவுக்கு அரசு தரச்சான்றும் ஒழுங்கான கொள்வனவும் கொடுத்தால், பிள்ளைக்கு உணவும் தாய்க்கு வருமானமும் ஒரே கையில் சேரும்.

முன்பள்ளிக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும். சிறுவர் சந்தை என்று ஒரு நாள் வைப்பார்கள். பிள்ளைகள் தங்கள் வளவுக் கத்தரிக்காயையும் தேங்காயையும் கொண்டுவந்து விற்பார்கள், பிரதேச செயலரும் கிராம அலுவலரும் அயலாரும் வந்து வாங்குவார்கள். எண்ணும் மொழியும் அங்கே பாடப்புத்தகமில்லாமல் வரும். கால்கோள் விழா, விளையாட்டுப் போட்டி, ஒளிவிழா என்று ஊர் முழுவதும் பிள்ளைகளைச் சுற்றிக் கூடும் நாட்கள் இன்னும் உண்டு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய ஆய்வு, போரின் காயம் தனிமனிதரில் மட்டுமல்ல, குடும்பத்திலும் சமூகத்திலும் விழுந்திருக்கிறது என்றும், ஆற்றும் வழியும் சமூகத்தின் ஊடாகவே போகவேண்டும் என்றும் வாதிட்டது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சிறுவர் சந்தை ஒரு மருந்து. போர் முடிந்தபின் பிறந்த பிள்ளைகள் இன்று பதின்வயதில் நிற்கிறார்கள். இப்போது முன்பள்ளிக்கு வருபவர்களின் தாய்மாரோ பிள்ளைப் பருவத்தில் பங்கருக்குள் இருந்தவர்கள். பிள்ளையைப் பார்க்கும்போது தாயையும் பார்க்கவேண்டிய தலைமுறை இது.

இத்தனைக்கும் நடுவில் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிளிநொச்சிக் கிராமங்களில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களில் பலருக்குக் காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. தினக்கூலிக்குப் போகும் தாய்க்குப் பதினொன்றரை மணிக்கு முடியும் முன்பள்ளி அரை உதவிதான். ஆடைத் தொழிற்சாலைக்கும், முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றவும் இருட்டோடு புறப்படும் பெண்களுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வேண்டும். அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. மாற்றுத்திறனுள்ள சின்னப் பிள்ளைகளுக்கான சேவை வவுனியா நகரைச் சுற்றிக் கிடைக்கும் அளவுக்குத் துணுக்காயில் கிடைக்காது. நுண்கடன் வசூலிப்பவர் வாசலில் நிற்கும் வீட்டில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்பதை எந்த நிறைக் கோடும் முழுதாகச் சொல்லாது.

உலகத்தில் இதே கேள்வியைக் கேட்ட மக்கள் உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தங்கள் மொழி அழிவதைக் கண்டு 1982இல் கோகங்கா ரேயோ என்ற பாலர் நிலையங்களைத் தொடங்கினார்கள். பாட்டன் பாட்டிமார் பிள்ளைகளோடு மாவோரி மட்டும் பேசினார்கள், நிர்வாகம் குடும்பங்களின் கையில் இருந்தது. கனடா 1995இல் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான முன்பள்ளித் திட்டத்தை அரச பணத்தில் தொடங்கியது, நடத்துவதைப் பூர்வகுடி அமைப்புகளிடம் விட்டது. அந்த மக்களின் வரலாறு வேறு, வன்னியின் வரலாறு வேறு. ஆனால் பணம் பொதுப் பணமாகவும் பொறுப்பு ஊரின் பொறுப்பாகவும் இருக்கமுடியும் என்பதை அவர்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பணம் கொடுப்பவரே பள்ளியையும் ஆளவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. முன்பள்ளிக்குப் பொறுப்பான சபையில் அதற்குப் பின் மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் இருக்கவில்லை. 2025 மேயில் நடந்த தேர்தலோடு பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியாவின் சபைகள் என்று எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் பிரதேசத்தின் ஒவ்வொரு முன்பள்ளி ஆசிரியைக்கும் மாதாந்தக் கொடுப்பனவை ஒரு தலைப்பாக எழுதுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் மாதம் தவறாமல் போகட்டும். அதைப் பகிரும் முடிவை முன்பள்ளி முகாமைத்துவக் குழுவிடம் விடுங்கள். மீதித் தொகையை மாகாணத்திடமும் கொழும்பிடமும் கேட்கும்போது, நாங்கள் தொடங்கிவிட்டோம் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும்.